வாஷிங்டன்ங்கிற சர்நேம் எங்க பொறந்துச்சு, இன்னிக்கு யாருகிட்ட இருக்கு?

நெய்தல்நாடன்:
எல்லாருக்கும் வணக்கம். டென்சல் வாஷிங்டன், கெர்ரி வாஷிங்டன், பாடகி டைனா வாஷிங்டன், 1983ல சிகாகோவுக்கு முதல் கறுப்பின மேயரா ஜெயிச்ச ஹெரால்ட் வாஷிங்டன், டஸ்கீகில கல்வி நிலையத்தை வளர்த்த புக்கர் டி. வாஷிங்டன்னு வரிசையா எடுத்துக்கிட்டா எனக்குத் தெரிஞ்ச வாஷிங்டன்ல ஜார்ஜ் வாஷிங்டன் ஒருத்தரைத் தவிர மத்த எல்லாருமே கறுப்பினத்தவங்கதான். சரி நமக்குத் தெரிஞ்சவங்க மட்டும்தான் அப்படியோன்னு பாத்தா 2000 அமெரிக்க சென்சஸ்லயும் அதேதான் இருக்கு, இந்த சர்நேம் உள்ளவங்க 1,63,036 பேரு, அதுல ஏறத்தாழ 90 சதவீதம் பேர் கறுப்பினத்தவங்க. பேரைக் கேட்டா சுத்தமான இங்கிலீஷ் பேரு மாதிரி இருக்கு. இங்கிலாந்துல எங்கயோ பொறந்த பேரு இவங்ககிட்ட எப்படி இவ்வளவு பெருசா வந்து சேந்துச்சு? "எஜமான் பேரு அடிமைக்கு வந்துச்சு"ன்னு ஒத்த வரில எல்லா எடத்துலயும் போட்டுட்டு போயிடுறாங்க, எனக்கு அது போதலை. விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா எழுதுங்க.

சங்குமணி:
நண்பா, அந்த ஒத்த வரிதான் உண்மை. ஜார்ஜ் வாஷிங்டனோட மவுண்ட் வெர்னான் பண்ணைல முன்னூறுக்கு மேல அடிமைங்க இருந்தாங்க. அவங்க புள்ளைகுட்டிங்க பெருகி இன்னிக்கு ஒன்றரை லட்சம் ஆச்சு. இதுல வேற என்ன மர்மம் இருக்கு?

வடதுருவம்:
நான் இங்க சண்டர்லேண்ட் பக்கத்துல இருக்கேன், அதனால பேரு பொறந்த ஊரைப் பத்தி நான் சொல்றேன். வாஷிங்டன்ங்கிறது மொதல்ல ஒரு ஊரு. நியூகாசிலுக்கும் சண்டர்லேண்டுக்கும் நடுவுல இருக்கு, அந்தக் காலத்துல டர்ஹாம் கவுண்டி, இப்ப டைன் அண்ட் வியர். இன்னிக்கு வந்து பாத்தீங்கன்னா ரவுண்டானா ரவுண்டானாவா இருக்கும், ஏன்னா 1964ல நியூ டவுன்னு அறிவிச்சு மொத்தமா மாத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி நிலக்கரிச் சுரங்க ஊரு. ஆனா நடுவுல பழைய கிராமப் பகுதி அப்படியே இருக்கு, சர்ச் பக்கத்துல வாஷிங்டன் ஓல்ட் ஹால்னு ஒரு பழைய கல் வீடு. ஊர்ப் பேருக்கு அதிகமா சொல்ற விளக்கம் என்னன்னா, ஆங்கிலோ சாக்ஸன் காலத்துல ஹ்வாஸான்னு ஒருத்தன், அவனோட சனங்க குடியிருந்த பண்ணை. அவ்வளவுதான், அவன் யாரு என்னன்னு ஒரு வரலாறும் கிடையாது. தெற்க வெஸ்ட் சசெக்ஸ்லயும் வாஷிங்டன்னு தனியா ஒரு கிராமம் இருக்கு, அதையும் இதையும் போட்டு நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. ஜார்ஜ் வாஷிங்டன் குடும்பத்துக்குப் பேரு குடுத்தது டர்ஹாம் பக்கத்து வாஷிங்டன்.

குடும்பம் எப்படி அந்தப் பேரை எடுத்துச்சுங்கிறதுக்கு ஆவணப்புழு அண்ணே வரணும், அவர்கிட்ட பழைய பத்திரம் எல்லாம் வரி வரியா இருக்கும்.

ஆவணப்புழு:
வந்துட்டேன் தம்பி. இந்தக் குடும்பத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சதே பேரு வந்த கதைக்கு எழுத்துல சாட்சி இருக்கிறதுதான், பெரும்பாலான ஆங்கில சர்நேமுக்கு அந்த பாக்கியம் கிடையாது. 1183ல டர்ஹாம் பிஷப் ஹ்யூ டி பியூசே தன்னோட நிலம் எல்லாத்தையும் கணக்கெடுத்து எழுத வச்சாரு, அதுக்கு போல்டன் புக்னு பேரு. அதுல வாஷிங்டன் ஊருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னா, வில்லியம் டி ஹெர்ட்பர்ன்னு ஒருத்தர் தன்கிட்ட இருந்த ஹார்ட்பர்ன் கிராமத்தை பிஷப்புக்கு விட்டுக் குடுத்துட்டு அதுக்கு மாத்தா வாஷிங்டனை வாங்கிக்கிட்டாரு, சர்ச்சும் சர்ச் நிலமும் மட்டும் சேராது, வருஷத்துக்கு 4 பவுண்ட் கட்டணும், பிஷப் பெரிய வேட்டைக்குப் போறப்ப 4 வேட்டை நாயோட கூடப் போகணும். ஹார்ட்பர்ன் இப்பவும் ஸ்டாக்டன் பக்கத்துல இருக்கு.

அப்ப பாருங்க, அந்த மனுஷன் பேருலயே "டி ஹெர்ட்பர்ன்", அதாவது ஹார்ட்பர்ன்காரர். நிலம் மாறுனதும் பேரும் மாறிடுச்சு, வில்லியம் டி வெஸ்ஸிங்டன் ஆயிட்டாரு. நிலத்தை மாத்திக்காம இருந்திருந்தா அமெரிக்காவோட தலைநகரம் பேரு இன்னிக்கு ஹார்ட்பர்ன்னு இருந்திருக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றது வழக்கம். நார்மன்காரங்க வந்ததுக்கு அப்புறம் நிலம் வச்சிருக்க குடும்பங்ககிட்டதான் மொதல்ல பரம்பரைப் பேரு வந்துச்சு, ஏன்னா சொத்து அப்பன்கிட்ட இருந்து மகனுக்குப் போகணும்னா அடையாளமும் சேந்து போகணும். சாதாரண சனங்களுக்கு அது பரவி முடிய 1400 வாக்குல ஆயிடுச்சு. இவங்க அந்த முதல் வரிசை. ஸ்பெல்லிங் மட்டும் வெஸ்ஸிங்டன், வாஸ்ஸிங்டன்னு எழுதுறவன் கைக்குத் தகுந்த மாதிரி மாறிக்கிட்டே இருந்துச்சு, அப்புறமா "டி"யும் உதிர்ந்து போச்சு.

குடும்பத்துல ஒருத்தரு, ஜான் வெஸ்ஸிங்டன், 1416ல இருந்து 1446 வரைக்கும் டர்ஹாம் கதீட்ரல் மடத்துக்கு பிரையரா, அதாவது மடத் தலைவரா இருந்தாரு, அந்தக் காலத்துல வட இங்கிலாந்துல அது எவ்வளவு பெரிய பதவின்னு சொல்லி மாளாது. இன்னொரு கிளை லங்காஷயர்ல வார்ட்டன்ங்கிற ஊருக்குப் போச்சு. அந்தக் கிளைல வந்த லாரன்ஸ் வாஷிங்டன் தெற்க எறங்கி நார்தாம்ப்டன்ல கம்பளி வியாபாரம் பண்ணி, 1532லயும் 1545லயும் அந்த ஊருக்கு மேயராகி, நடுவுல 1539ல சல்கிரேவ் மேனர்ங்கிற நிலச் சொத்தை வாங்குனாரு. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைச்சு சொத்தை எல்லாம் வித்துக்கிட்டு இருந்த நேரம் அது, காசு வச்சிருந்த வியாபாரிங்க எல்லாம் நிலக்கிழார் ஆன காலம்.

குறிஞ்சிப்பூ:
அண்ணே ரொம்ப நல்லா இருக்கு. இந்தக் குடும்பம் ஏன் அமெரிக்கா போச்சு? வசதியா இருந்தவங்க ஏன் கடல் தாண்டிப் போகணும்?

ஆவணப்புழு:
வசதி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போச்சும்மா. சல்கிரேவ் லாரன்ஸோட வழில வந்த இன்னொரு லாரன்ஸ், 1602ல பொறந்தவரு, ஆக்ஸ்ஃபோர்ட் பிரேஸ்நோஸ் காலேஜ்ல ஃபெல்லோவா இருந்துட்டு எசெக்ஸ்ல பர்லிங்கிற ஊருக்கு பாதிரியாரா போனாரு. இங்கிலாந்துல ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டுப் போர் வந்ததும் இவரு ராஜா பக்கம்னு பேராகிப் போச்சு, 1643ல பார்லிமெண்ட் ஆளுங்க வேலையை விட்டே தூக்கிட்டாங்க. சொன்ன காரணம், எந்நேரமும் சாராயக் கடைல கெடக்குறாருன்னு. அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு தெரிஞ்சவங்க அப்பவே எடுத்துச் சொல்லியிருக்காங்க, என் மனசுக்கும் அது முழுக்க முழுக்க அரசியல் பழிதான்னு படுது. 1653ல வறுமைல செத்துப் போனாரு, மால்டன்ல புதைச்சாங்க. மூத்த பையன் ஜானுக்கு அப்ப இருபது வயசு பக்கம், கைல நிலமும் இல்ல அப்பன் பேரும் கெட்டுக் கெடக்கு, ஸீ ஹார்ஸ் ஆஃப் லண்டன்ங்கிற கப்பல்ல மேட்டா, அதாவது கேப்டனுக்குக் கீழ உள்ள அதிகாரியா ஏறி புகையிலை ஏத்திட்டு வர வர்ஜீனியா போனாரு. 1657 தொடக்கத்துல திரும்புறப்ப பொட்டோமாக் ஆத்துலயே கப்பல் தரை தட்டி நின்னுபோச்சு. ஜான் அங்கயே தங்கிட்டாரு. நத்தானியல் போப்ங்கிற பண்ணைக்காரரோட மக ஆன் போப்பைக் கல்யாணம் பண்ணாரு, மாமனார் 700 ஏக்கர் குடுத்தாரு. ஜான், அவர் மகன் லாரன்ஸ், அவர் மகன் அகஸ்டின், அவர் மகன் 1732ல பொறந்த ஜார்ஜ். பொட்டோமாக்ல தண்ணி கொஞ்சம் கூடுதலா ஓடியிருந்தா ஜான் எசெக்ஸ்க்கே திரும்பிப் போயிருப்பாரு.

பழைய_பேப்பர்:
ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுட்டீங்க அண்ணே. வாஷிங்டன் குடும்ப சின்னத்துல வெள்ளைக் கேடயத்துல ரெண்டு செவப்புப் பட்டை, மேல மூணு செவப்பு நட்சத்திரம். அமெரிக்கக் கொடில இருக்க நட்சத்திரமும் பட்டையும் அதுலேர்ந்துதான் வந்துச்சு. செல்பி அபே சர்ச் ஜன்னல் கண்ணாடிலயே இந்தச் சின்னம் இருக்கு.

ஆவணப்புழு:
செல்பி ஜன்னல் உண்மை, கொலம்பஸுக்கு முந்தி செஞ்ச கண்ணாடி அது. ஆனா தேசியக் கொடிக்கும் இந்தச் சின்னத்துக்கும் முடிச்சுப் போட ஆதாரம் எதுவும் கிடையாது தம்பி. 1777 ஜூன் 14 தீர்மானத்துல 13 பட்டை 13 நட்சத்திரம்னு மட்டும்தான் இருக்கு, வாஷிங்டன் குடும்பத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. பட்டை வச்ச கொடிங்க அதுக்கு முன்னாடியே பறந்துக்கிட்டுதான் இருந்துச்சு. நேரடியா இந்தச் சின்னத்தை எடுத்துக்கிட்டது ரெண்டு. ஒண்ணு வாஷிங்டன் டிசி நகரத்தோட கொடி, 1938ல ஏத்துக்கிட்டாங்க, அப்படியே அச்சு அசலா அந்தக் கேடயம்தான். இன்னொண்ணு போர்ல காயம்பட்டவங்களுக்குக் குடுக்குற பர்ப்பிள் ஹார்ட் மெடல், 1932ல ஜார்ஜ் பொறந்து 200 வருஷம் ஆனப்ப வந்துச்சு, மெடல்ல இருக்க ஜார்ஜ் தலைக்கு மேல அதே கேடயம் இருக்கும்.

குறிஞ்சிப்பூ:
ஒரு சந்தேகம். பர்லி பாதிரியாரோட மகன்தான் வர்ஜீனியா போன ஜான்னு எப்படி உறுதியா சொல்றாங்க? ஜான்ங்கிற பேரு ஊருக்கு நூறு இருக்குமே. ஜார்ஜ் வாஷிங்டனே சொல்லிட்டுப் போனாரா?

ஆவணப்புழு:
அருமையான கேள்வி, வம்சாவளி பாக்குற ஒவ்வொருத்தரும் இதைப் படிக்கணும். ஜார்ஜுக்கே தெரியாது. 1790கள் தொடக்கத்துல இங்கிலாந்துல குடும்பச் சின்னங்களைப் பாத்துக்குற அதிகாரி சர் ஐசக் ஹேர்ட் அவருக்கு லெட்டர் போட்டு உங்க முன்னோர் யாருன்னு கேட்டாரு. 1792 மே மாசம் ஜார்ஜ் பதில் எழுதுறாரு, இந்த விஷயத்துல நான் பெருசா கவனம் செலுத்துனதே இல்ல, வடக்க லங்காஷயரோ யார்க்ஷயரோ இல்ல இன்னும் மேல உள்ள ஒரு கவுண்டியோன்னு வீட்டுல சொல்லிக் கேட்டிருக்கேன்னு. நாட்டுக்கே ஜனாதிபதி, அவருக்கு முப்பாட்டனோட ஊரு தெரியல.

ஹேர்ட் தானா தேடி சல்கிரேவ் குடும்பத்துல ஜான், லாரன்ஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரைக் கண்டுபிடிச்சு இவங்கதான் கப்பல் ஏறுனவங்கன்னு முடிச்சு வச்சுட்டாரு. எழுபது வருஷம் எல்லாரும் அதையே நம்புனாங்க. 1860கள்ல ஜோசப் லெமுவல் செஸ்டர்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் அதை ஒடைச்சுப் போட்டாரு. அந்த ஜான் வந்து சர் பட்டம் வாங்கி இங்கிலாந்துலயே வாழ்ந்தவரு, அந்த லாரன்ஸ் பாதிரியாரு, ரெண்டு பேருமே வர்ஜீனியா போகலைன்னு நிரூபிச்சாரு. ஆனா உண்மையான ஆள் யாருன்னு அவராலயும் முடிவா சொல்ல முடியல. அப்புறம் ஹென்றி வாட்டர்ஸ்னு ஒருத்தர் லண்டன்ல உக்காந்து பழைய உயில், நீதிமன்றப் பதிவுன்னு பக்கம் பக்கமா பொரட்டி, ஹேர்ட் சொன்ன அந்த லாரன்ஸ் பாதிரியாரோட பசங்கதான் கப்பல் ஏறுனவங்கன்னு 1889ல வெளியிட்டாரு. ஒரு தலைமுறை தள்ளி இருந்துச்சு விடை. பேரு பொருந்துது, வருஷம் கிட்டத்தட்ட வருதுன்னு மரம் வரையக் கூடாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சங்குமணி:
எல்லாம் சரி அண்ணே, ஆனா தலைப்போட பாதிக் கேள்வி அப்படியே நிக்குது. டர்ஹாம், சல்கிரேவ், பர்லி எல்லாம் அந்த பத்து சதவீதத்தோட கதை. மீதி தொண்ணூறு எப்படி வந்துச்சு? எஜமான் பேருதானே?

தாமிரபரணி_செல்வி:
சங்குமணி தம்பி, இதுக்கு நான் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கோங்க ஏன்னா இந்த ஒத்த வரி எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, ஒரு சமூகமே தன் பேரைத் தானே எடுத்துக்கிட்ட கதையை நாம ஒரு முத்திரை குத்துன மாதிரி சொல்லிட்டுப் போறோம்.

முதல்ல மவுண்ட் வெர்னான் கணக்கைப் பாப்போம். 1799ல அங்க அடிமைப்பட்டு இருந்தவங்க 317 பேரு. அதுல ஜார்ஜுக்குச் சொந்தம்னு இருந்தது 123 பேரு. 153 பேரு மனைவி மார்த்தாவோட முதல் புருஷன் கஸ்டிஸ் குடும்பச் சொத்து, மீதி வாடகைக்கு எடுத்தவங்க. ஜார்ஜ் உயில்ல தன்னோட 123 பேரை மார்த்தா காலத்துக்கு அப்புறம் விடுதலை பண்ணணும்னு எழுதினாரு, மார்த்தா அதுவரைக்கும் காத்திருக்காம 1801 ஜனவரி 1லயே விடுவிச்சாங்க. கஸ்டிஸ் சொத்தா இருந்தவங்களுக்கு விடுதலை இல்ல, அவங்களை மார்த்தாவோட பேரப்புள்ளைங்களுக்குப் பங்கு போட்டுக் குடுத்துட்டாங்க, புருஷன் பொண்டாட்டி, தாய் புள்ளைன்னு பிரிஞ்சு போன குடும்பங்க எத்தனையோ. ஜார்ஜுக்குச் சொந்தப் புள்ளையும் கிடையாது.

இப்ப அந்தப் பண்ணைல இருந்தவங்க பேரைப் பாருங்க. போர் முழுக்க ஜார்ஜ் கூடவே குதிரைல போன வில்லியம் லீ, அவரு தம்பி ஃபிராங்க் லீ. 1796ல ஃபிலடெல்ஃபியால ஜனாதிபதி வீட்டுலேர்ந்தே தப்பிச்சு நியூ ஹாம்ப்ஷயர் போய், 1848ல சாகுற வரைக்கும் யாரு கைக்கும் சிக்காம வாழ்ந்த ஓனா ஜட்ஜ். சமையல்காரர் ஹெர்குலிஸ் போஸி. கிறிஸ்டோஃபர் ஷீல்ஸ். டேவி கிரே. லீ, ஜட்ஜ், போஸி, ஷீல்ஸ், கிரே. இதுல ஒருத்தர் பேராவது வாஷிங்டனா? ஜார்ஜ் கையாலேயே எழுதின கணக்குல பெரும்பாலும் முதல் பேரு மட்டும்தான் இருக்கும், ஆனா அவங்களுக்குள்ள குடும்பப் பேரு இருந்துச்சு, அதை எஜமானுக்குத் தெரியாம கூட வச்சிக்கிட்டாங்க. இன்னொரு ஜனாதிபதி ஜெஃபர்சனோட மாண்டிசெல்லோ பண்ணைலயும் இதேதான், அங்க ஹெமிங்ஸ், ஃபாஸெட், ஹெர்ன், கில்லெட்னுதான் குடும்பங்க. ஆனா இன்னிக்கு ஜெஃபர்சன் சர்நேம்காரங்கள்ல முக்கால்வாசி கறுப்பினத்தவங்க. அப்ப ஒன்றரை லட்சம் வாஷிங்டன் மவுண்ட் வெர்னான்லேர்ந்து பெருகி வரல, கணக்கே இடிக்குது.

பழைய_பேப்பர்:
அக்கா, அப்ப ஒருத்தர் கூடவா மவுண்ட் வெர்னான்லேர்ந்து வாஷிங்டன்னு பேரு வச்சிக்கல?

தாமிரபரணி_செல்வி:
இருந்தாரு, ஹாரி வாஷிங்டன். இவரு கதையை எல்லாரும் தெரிஞ்சிக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆப்பிரிக்கால காம்பியா ஆத்துப் பக்கம் 1740 வாக்குல பொறந்தவரு, 1763 சமயத்துல ஜார்ஜ் அவரை வாங்கினாரு, டிஸ்மல் ஸ்வாம்ப்ங்கிற சதுப்பு நிலத்தை வடிக்கிற வேலைக்குப் போட்டாரு. 1771ல ஒரு தடவை தப்பிச்சு மாட்டிக்கிட்டாரு. 1776ல எஜமான் சுதந்திரத்துக்காக பிரிட்டிஷ்காரனோட போர்ல இருக்கும்போது இவரு தன் சுதந்திரத்துக்காக அதே பிரிட்டிஷ்காரன் பக்கம் ஓடிப் போனாரு, தங்ககிட்ட வந்து சேர்ற அடிமைகளுக்கு விடுதலைன்னு அவங்க அறிவிச்சிருந்தாங்க. 1783ல நியூயார்க்லேர்ந்து பிரிட்டிஷ்காரங்க கெளம்புறப்ப கூடப் போற சுமார் 3000 கறுப்பினத்தவங்க பேரை புக் ஆஃப் நீக்ரோஸ்ங்கிற பதிவேட்டுல எழுதினாங்க, அதுல ஹாரி வாஷிங்டன், வயசு 43, முன்னாடி ஜெனரல் வாஷிங்டனுக்குச் சொந்தம்னு இருக்கு. கனடால நோவா ஸ்கோஷியா போனாரு, பர்ச்டவுன்ல குடியிருந்தாரு, நிலம்னு சொல்லி வெறும் பாறைக் காட்டைக் குடுத்தாங்க. 1792ல 15 கப்பல்ல சுமார் 1200 பேரு அங்கேர்ந்து ஆப்பிரிக்கால இருக்க சியரா லியோன் போனாங்க, அதுலயும் இவரு இருந்தாரு. அங்க ஆட்சி பண்ண சியரா லியோன் கம்பெனி நிலத்துக்கு வரி கேட்டு நெருக்குனப்ப 1800ல சனங்க எதிர்த்து நின்னாங்க, ஹாரியும் அதுல ஒருத்தரு, பிடிச்சு புல்லம் கரைக்கு நாடு கடத்திட்டாங்க. சுதந்திரப் போர்ல ஜெயிச்ச வாஷிங்டன் ஒருத்தர் இருக்காருன்னா, கண்டம் கண்டமா அலைஞ்சு அதே சுதந்திரத்தைத் தேடின வாஷிங்டன் இவரு. ரெண்டாவது ஆளை ஏன் நாம பள்ளிக்கூடத்துல படிக்கலன்னு எனக்கு ஆத்தாமையா இருக்கு.

நெய்தல்நாடன்:
அக்கா, படிக்கப் படிக்க புல்லரிக்குது. அப்ப மத்தவங்க எங்கேர்ந்து இந்தப் பேரை எடுத்தாங்க? 1865க்கு அப்புறமா?

தாமிரபரணி_செல்வி:
அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. 1841 நவம்பர்ல கிரியோல்ங்கிற அடிமைக் கப்பல் வர்ஜீனியாலேர்ந்து நியூ ஆர்லியன்ஸ் போய்க்கிட்டு இருந்தப்ப உள்ள இருந்தவங்க கப்பலையே கைப்பற்றி பஹாமாஸ்ல நாசாவுக்குத் திருப்பிட்டாங்க, அது பிரிட்டிஷ் மண்ணு, அங்க அடிமைமுறை ஏற்கெனவே ஒழிஞ்சாச்சு, நூத்துக்கும் மேல பேரு விடுதலை ஆனாங்க. அதுக்குத் தலைமை தாங்குனவரு பேரு மேடிசன் வாஷிங்டன். ரெண்டு ஜனாதிபதி பேரு ஒரு மனுஷன்கிட்ட.

1865ல அடிமைமுறை சட்டப்படி முடிஞ்சதும் எல்லாரும் எங்கயாவது ஒரு எடத்துல முழுப்பேரைச் சொல்ல வேண்டி வந்துச்சு. கூலி ஒப்பந்தம், கல்யாணப் பதிவு, விடுதலை ஆனவங்களுக்கு உதவ அரசு வச்ச ஃப்ரீட்மென்ஸ் பீரோ, அவங்க காசு போட்டு வைக்க வந்த ஃப்ரீட்மன்ஸ் பேங்க், பள்ளிக்கூட வருகைப் பதிவு, ஓட்டர் லிஸ்ட். சிலர் பழைய எஜமான் பேரைச் சொன்னாங்க, பிரிஞ்சு போன அண்ணன் தங்கச்சி தேடி வந்தா கண்டுபிடிக்க அந்தப் பேருதான் ஒரே துப்பு. சிலர் தாத்தா காலத்து எஜமானோட பேரு, சிலர் அப்பாவோட முதல் பேரு, சிலர் புதுசா ஒரு பேரு.

புக்கர் டி. வாஷிங்டனையே எடுத்துக்கோங்க. 1856ல வர்ஜீனியா ஃபிராங்க்ளின் கவுண்டில பொறந்தவரு. ஸ்கூல்ல வாத்தியாரு வருகை எடுக்குறப்ப மத்த புள்ளைங்க எல்லாம் ரெண்டு பேரு சொல்லுது, இவர்கிட்ட புக்கர்னு ஒண்ணுதான் இருக்கு. தன் முறை வந்ததும் நிதானமா "புக்கர் வாஷிங்டன்"னு சொல்லிட்டாரு. இதை அவரே 1901ல வந்த தன் வாழ்க்கை வரலாறுல எழுதியிருக்காரு. அவங்க அம்மா கட்டிக்கிட்டவரு பேரு வாஷிங்டன் ஃபெர்குசன், அதாவது வளர்ப்பு அப்பாவோட முதல் பேரு வாஷிங்டன். எந்த வாஷிங்டன் குடும்பமும் அவரை வச்சிருந்ததே இல்ல, அவரை வச்சிருந்தவங்க பேரு பர்ரோஸ். பர்ரோஸ் பேரை அவரு தொடக்கூட இல்லை பாருங்க. ஜார்ஜ் செத்ததுக்கு அப்புறம் நாடு முழுக்க புள்ளைங்களுக்கு வாஷிங்டன்னு முதல் பேரா வைக்கிற பழக்கம் வெள்ளைக்காரங்க, கறுப்பினத்தவங்க ரெண்டு பக்கமும் இருந்துச்சு, அந்த முதல் பேரு அடுத்த தலைமுறைல சர்நேம் ஆச்சு. இது மூணாவது வழி, இதை யாருமே பேசுறது இல்ல.

பேரு நாட்டைத் தோற்றுவிச்சவரோட பேரு, அதோட மரியாதை அந்தக் காலத்துல வேற. இந்த நாட்டுல நானும் ஒரு குடிமகன்னு சொல்ல ஒரு பேரு வேணும்னா அதைவிட நேரான பேரு எது?

வடதுருவம்:
டைனா வாஷிங்டனைச் சொன்னீங்களே நெய்தல்நாடன், அவங்க பொறந்த பேரு ரூத் ஜோன்ஸ், மேடைக்காக வந்த பேருதான் டைனா வாஷிங்டன். 1940கள்ல மேடைக்குத் தேடுறப்ப கூட இந்தப் பேரு வந்துச்சுன்னா அதுக்குள்ள அது முழுக்க கறுப்பினப் பேராவே ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம்.

சங்குமணி:
அக்கா, புக்கர் கதையும் ஹாரி கதையும் ஒத்துக்கிறேன். ஆனா ஒரு விஷயத்துல நான் விட மாட்டேன். வாஷிங்டன்னு பேரு வச்ச வெள்ளைக்கார எஜமானுங்க ஜார்ஜ் ஒருத்தர் மட்டும் இல்லையே? அவரு அண்ணன் தம்பி, மருமகனுங்கன்னு பெரிய குடும்பம், அத்தனை பேரும் அடிமை வச்சிருந்தாங்க. அவங்ககிட்ட இருந்தவங்க நிச்சயமா அந்தப் பேரை எடுத்திருப்பாங்க.

ஆவணப்புழு:
சங்குமணி சொல்றதுல பலம் இருக்கு. ஜார்ஜோட தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டன், 1798ல இருந்து 1829 வரைக்கும் சுப்ரீம் கோர்ட் நீதிபதி, மவுண்ட் வெர்னான் அவருக்குத்தான் வந்துச்சு. அவரு தன்னோட அடிமைகளைக் கூட்டிட்டு வந்தாரு, 1821ல 54 பேரை லூசியானா பண்ணைக்காரங்களுக்கு வித்தாரு, அப்பவே பத்திரிகைங்க கண்டிச்சுச்சு. ஜார்ஜோட தம்பிங்க சாமுவேல், சார்லஸ் வழில இப்ப வெஸ்ட் வர்ஜீனியால இருக்க சார்லஸ் டவுன் சுத்தி நிறைய வாஷிங்டன் பண்ணைங்க. அதனால ஒரு பகுதி அந்த வழில வந்திருக்கும், அதை மறுக்க வேண்டியதில்ல. ஆனா அதை வச்சு முழு எண்ணிக்கையையும் விளக்க முடியாது, ஏன்னா இந்தப் பேரு உள்ள கறுப்பினக் குடும்பங்க வாஷிங்டன் பண்ணையே இல்லாத மாநிலங்கள்லயும் பரவலா இருக்காங்க.

குறிஞ்சிப்பூ:
டிஎன்ஏ பாத்தா தெரியாதா அண்ணே? யார் ரத்த வழி, யார் பேரு மட்டும் எடுத்தவங்கன்னு?

ஆவணப்புழு:
ஓரளவுக்குத் தெரியும். ஒய் குரோமோசோம் அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு மட்டும் போறதால சர்நேம் போற பாதையும் அது போற பாதையும் ஒண்ணு. 2000ல ஆக்ஸ்ஃபோர்ட் மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தன்னோட சைக்ஸ்ங்கிற சர்நேம் உள்ள ஆம்பளைங்களை வச்சே சோதிச்சு, பாதிப் பேருக்குக் கிட்ட ஒரே மாதிரி ஒய் குரோமோசோம் இருக்குன்னு காட்டினாரு. வாஷிங்டன் குடும்பத்துல ஜார்ஜுக்குப் புள்ளை இல்லாததால தம்பி வழிதான் பாக்க முடியும். 2024ல சாமுவேல் வாஷிங்டனோட ஹேர்வுட் தோட்டத்து இடுகாட்டுல கெடைச்ச எலும்புகளையும் இன்னிக்கு உயிரோட இருக்க ஒரு வாரிசோட டிஎன்ஏவையும் ஒப்பிட்டு, அவரோட பேரனுங்க ரெண்டு பேரையும் அவங்க அம்மாவையும் அடையாளம் கண்டுபிடிச்சாங்க. ஆனா என் கருத்தைக் கேட்டா, சர்நேம் வரலாறுக்கு டிஎன்ஏ ஒரு சாட்சிதான், தீர்ப்பு கிடையாது. 1183லயே வில்லியம் அந்தப் பேரை ரத்தத்துல வாங்கல, நிலத்தை மாத்தித்தான் வாங்கினாரு.

தாமிரபரணி_செல்வி:
அண்ணே இதைத்தான் நான் ரொம்ப நேரமா சொல்ல வந்தேன். வில்லியமும் பேரை எடுத்துக்கிட்டவருதான், புக்கரும் பேரை எடுத்துக்கிட்டவருதான். ஒருத்தரை "மூதாதை"ன்னும் இன்னொருத்தரை "எஜமான் பேரு வச்சிக்கிட்டவரு"ன்னும் எழுதுறதுல எனக்குச் சம்மதமே இல்ல. 1870 சென்சஸ்ல தன் வீட்டுக் கதவுக்கு வந்த அதிகாரிகிட்ட வாஷிங்டன்னு சொன்ன ஒவ்வொரு ஆளும் ஒரு குடும்பத்தோட முதல் வாஷிங்டன்.

வடதுருவம்:
இங்கிலாந்துப் பக்கம் என்ன ஆச்சுன்னு சொல்லிடுறேன். ஓல்ட் ஹால் 1613ல டர்ஹாம் பிஷப்புக்கே திரும்பப் போச்சு, பேரு குடுத்த ஊருல அந்தக் குடும்பம் இல்லாம போச்சு. 19ஆம் நூற்றாண்டுல சுரங்கம் வந்ததும் அந்த வீட்டை அறை அறையா பிரிச்சு தொழிலாளிக் குடும்பங்க வாடகைக்கு இருந்தாங்க. 1936ல குடியிருக்கவே லாயக்கில்லன்னு இடிக்கப் போனப்ப உள்ளூர் ஆசிரியர் ஒருத்தரு கமிட்டி போட்டுக் காப்பாத்தினாரு, இப்ப நேஷனல் டிரஸ்ட் பாத்துக்குது. 1977ல ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் இந்தக் கிராமத்துக்கு வந்து ஒரு மரம் நட்டுட்டுப் போனாரு. சல்கிரேவ் மேனரை 1914ல, ரெண்டு நாட்டுக்கும் நூறு வருஷம் சண்டை இல்லாம இருந்ததுக்கு நினைவா வாங்கி, 1921ல திறந்து வச்சாங்க. வார்ட்டன் சர்ச்சுல ஜூலை 4க்கு அமெரிக்கக் கொடி ஏத்துற வழக்கமும் இருக்கு. ஆனா இதுல எந்த எடத்துலயும் ஹாரி பேரு பெருசா எழுதி நான் பாக்கல, செல்வி அக்கா சொன்னதைப் படிச்சப்புறம் அது ஒரு குறையாவே படுது.

பழைய_பேப்பர்:
யாராவது ஒரு கறுப்பின வாஷிங்டன் குடும்பத்தோட வம்சாவளி பாக்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? எனக்கு இதுல எறங்கிப் பாக்கணும்னு தோணுது.

தாமிரபரணி_செல்வி:
1870 சென்சஸ்லேர்ந்து ஆரம்பிங்க, விடுதலை ஆன எல்லாரையும் பேரு போட்டு எழுதின முதல் சென்சஸ் அது. 1850, 1860 அடிமைப் பட்டியல்கள்ல எஜமான் பேரு இருக்கும், இவங்களுக்கு வயசு, ஆணா பெண்ணா, நிறம் மட்டும்தான், பேரு கெடைக்கிறது அபூர்வம். அதனால 1870ல ஒரு சுவத்துல முட்டி நிப்பீங்க. அதைத் தாண்ட ஃப்ரீட்மன்ஸ் பேங்க் ரெஜிஸ்டரைப் பாருங்க, 1865லேர்ந்து 1874 வரைக்கும் உள்ளது, கணக்கு தொடங்க வந்தவங்ககிட்ட அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, பொறந்த ஊரு எல்லாம் கேட்டு எழுதியிருப்பாங்க, சில பக்கத்துல பழைய எஜமான் பேரும் இருக்கும். ஃப்ரீட்மென்ஸ் பீரோ கூலி ஒப்பந்தங்களும் இப்ப ஆன்லைன்லயே இருக்கு. அப்புறம் பக்கத்துப் பண்ணைக்காரங்களோட உயில், சொத்துப் பட்டியல். எஜமான் பேரு வாஷிங்டன்னா இருக்கணும்னு நெனச்சுத் தேடாதீங்க, அங்கதான் நிறைய பேர் வருஷக்கணக்கா தப்பான பண்ணைல மாட்டிக்கிறாங்க. புக்கருக்கு பர்ரோஸ்னு தேடணும், ஹெர்குலிஸுக்கு போஸின்னு தேடணும்.

சங்குமணி:
அக்கா, அந்த பேங்க் ரெஜிஸ்டர் லிங்க் இருந்தா போடுங்க, நானும் சேந்து பாக்குறேன். சார்லஸ் டவுன் பக்கத்துப் பண்ணைங்களை நான் எடுத்துக்கிறேன், பழைய_பேப்பர் நீங்க லூசியானா பக்கம் பாருங்க, 1821ல வித்த அந்த 54 பேரோட வழில யாராவது 1870 சென்சஸ்ல வாஷிங்டன்னு வர்றாங்களான்னு தேடிப் பாப்போம்.